கதவைத் திறந்து வையுங்கள்: டர்பன் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் செல்லப்பிராணிகளுக்கான மருத்துவமனைகளை நடத்துவோருக்கும், அங்கே வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும்:

நோய் முற்றிய பிராணியின் உயிரை வலியின்றிப் பிரியவைக்கும் கடைசி ஊசிக்காகக் கொண்டுவரும் நாயையோ பூனையையோ வரவேற்பில் ஒப்படைத்துவிட வேண்டும், குடும்பத்தார் யாரும் உள்ளே வரக் கூடாது, பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும். உங்களில் பலர் இப்போது நிரந்தர விதியாக்கியிருக்கும் ஏற்பாடு இது. 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கியபோது இதற்கு நியாயம் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலேயே கூண்டு கைமாறியது. யாரும் குறை சொல்லவில்லை. நாட்டின் பேரிடர் நிலை 2022 ஏப்ரலில் விலக்கப்பட்டது. அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. இப்போது அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பில் மாட்டியிருக்கிறீர்கள். இதை எங்களால் ஏற்க முடியாது.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் கால்நடைச் செவிலியராகவும் விலங்கு நலப் பணியாளராகவும் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். காலைப் பிடித்துக்கொடுப்பதும், மருந்தை சிரிஞ்சில் ஏற்றுவதும், பிறகு உடலைத் துடைத்துப் போர்த்துவதும் எங்கள் வேலை. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லும் காரணங்களும் தெரியும். குடும்பத்தார் கதறுவார்கள், யாராவது மயங்கி விழுவார்கள், மிரண்ட நாய் கடித்துவிடும், ஒருவருக்காக வரிசை முழுதும் காத்துக்கிடக்கும். ஆனால் அந்த அறையில் பார்க்கச் சகிக்காதது எப்போது நடக்கிறது? முன்மயக்கம் கொடுக்காமல், மேசையில் அமுக்கிப் பிடித்து, நேராக ரத்தக்குழாயில் ஊசி குத்தும்போதுதான். முறையாகச் செய்த கடைசி ஊசியைப் பார்த்து யாரும் அலறி ஓடுவதில்லை. அழுவார்கள்; அழட்டும். கதவை மூட வைப்பதே அவசரமாகச் செய்யும் இந்த வேலைதான். அந்த வேலையைத் திருத்தினால் கதவை மூட வேண்டியதில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

சாகக் கிடக்கும் உடலில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். சிறுநீரகம் செயலிழந்து நீர்வற்றிய பூனையின் முன்னங்கால் ரத்தக்குழாய் நூலாய்ச் சுருங்கிக் கிடக்கும். வெறும் ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றும்போது பூனை காலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முனை வெளியே வந்துவிடும். கடைசி ஊசியின் மருந்தான பென்டோபார்பிட்டோன் கடும் காரத்தன்மை உள்ள கரைசல். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் நெருப்பாய் எரியும், பூனை அலறும். அதற்குள் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும். மீதிக்கு இன்னொரு காலைத் தேட வேண்டும். அரைகுறை அளவு போன பிராணி, நினைவு முழுதாக அடங்கும் முன் உதைக்கும், ஊளையிடும், தலையைத் தூக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். கதவு கண்ணைத்தான் மறைக்கிறது.

முறையாகச் செய்வதற்கு என்ன வேண்டும்? முதலில் முன்மயக்கம். நாய்க்கு மெடிடோமிடினும் பியூட்டார்ஃபனாலும், அல்லது அசிப்ரோமசினும் மார்ஃபின் போன்ற ஒரு ஓபியாய்டு வலிநீக்கியும். பூனைக்கு மெடிடோமிடின் கலவையோடு கொஞ்சம் கெட்டமின். எல்லாம் ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருப்பவைதான், தினமும் கருத்தடை அறுவைக்கு எடுப்பவைதான். மெல்லிய 23 கேஜ் ஊசியால் முதுகுத் தசையில் போடலாம். கெட்டமின் தசையில் எரியும் என்பதால் அந்த நேரத்தில் பூனை நக்கித் தின்ன ஏதாவது கொடுத்தால் நல்லது, அதற்குத் தின்னும் தெம்பு இருந்தால். மார்ஃபின் வாந்தியை வரவழைக்கும். வயிறு உப்பிய நாய்க்கும் குடல் அடைத்த நாய்க்கும் அது வேண்டாம். பிறகு விளக்கைக் குறைத்து, பிராணியின் சொந்தப் போர்வையைக் கீழே விரித்து, 10 முதல் 15 நிமிடம் அதன் ஆட்களோடு விட்டுவிட வேண்டும். ரத்த ஓட்டம் தளர்ந்த உடலுக்கு 20 நிமிடம்கூட ஆகலாம். ஐந்தாம் நிமிடம் எட்டிப் பார்த்து, "இன்னும் ஏறவில்லை" என்று மேசைக்குத் தூக்குவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு.

மெடிடோமிடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பிராணி காலைக் கொடுக்கும் நிலையில் இருந்தால் ஜெல்கோவை, அதாவது ரத்தக்குழாயில் தங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. பூனைக்கும் சிறிய நாய்க்கும் நீல நிற 22 கேஜ், பெரிய நாய்க்கு இளஞ்சிவப்பு 20 கேஜ். பின்னங்காலில் வெளிப்பக்க ரத்தக்குழாயில் போட்டால், தலை குடும்பத்தாரின் மடிக்கு மிஞ்சும். டாக்டருக்கும் இடம் கிடைக்கும். ஜெல்கோவில் இரண்டு மூன்று மில்லி சலைன் தள்ளி, தோல் உப்பாமல் போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. ஒரு நீட்டுக் குழாயை மாட்டினால் டாக்டர் தள்ளி நின்றே மருந்தை ஏற்றலாம். குடும்பத்தார் காதருகே பேசிக்கொண்டிருக்கும்போது எந்தக் கணத்தில் ஊசி போட்டார்கள் என்பதுகூடத் தெரியாது.

மருந்தின் அளவைக் கண்மதிப்பில் எடுக்காதீர்கள். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள கரைசலை எடைக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால், 20 கிலோ நாய்க்கு 15 மில்லி, 4 கிலோ பூனைக்கு 3 மில்லி. அதே அளவு இன்னொரு சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்; பாட்டிலைத் தேடி ஓடும் அந்த ஒரு நிமிடம்தான் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும். ரத்தக்குழாயே கிடைக்காவிட்டால் சிறுநீரகத்தினுள்ளோ இதயத்திலோ போடலாம், ஆனால் நினைவு அறவே இழந்த பிராணிக்கு மட்டும். நினைவுள்ள பிராணியின் நெஞ்சில் ஊசி இறக்குவதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும் ஏற்கவில்லை. நம் வட்டாரத்தில் அது இன்னும் நடக்கிறது. கதவு மூடியிருப்பதால் நடக்கிறது.

உள்ளே வருபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கண் மூடாது, திறந்தே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சை இழுப்பதுபோல் இருக்கும், தசைகள் துடிக்கும், சிறுநீரும் மலமும் வெளியேறும். அது வலி அல்ல. இதை முன்னால் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பின்னால் சொன்னால் சமாளிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள், இன்னும் உயிர் இருந்ததோ என்று வருஷக்கணக்கில் உறுத்தும். அடியில் ஈரத்தை உறிஞ்சும் ஒரு லினன் சேவர் விரித்து வையுங்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு நிமிடமாவது கேளுங்கள், கருவிழியைத் தொட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகே "போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். குழந்தை இருந்தால் அதனிடமும் இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

எங்கள் வீடுகளின் வழக்கம் ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். உயிர் பிரியும் நேரத்தில் நெற்றியில் திருநீறு இடுவார்கள், வாயில் பால் விடுவார்கள், சிலர் கற்பூரம் காட்டுவார்கள். ஆயாவோ தாத்தாவோ கூட வந்திருந்தால் இதைச் செய்யாமல் மனம் ஆறாது. திருநீற்றால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. மயங்கிய பிராணியின் வாயில் பால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதைத் தடுக்க வேண்டியது உங்கள் கடமை. ஆனால் "கூடாது" என்று கையைத் தட்டிவிடாமல், ஒரு பஞ்சை நனைத்துக் கையில் கொடுங்கள், உதட்டை ஈரமாக்கிக்கொள்ளட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரம் ஆபத்து. கொல்லைப்புறத்தில், உடலைப் போர்த்திய பிறகு காட்டலாம் என்று சொன்னால் எந்தப் பெரியவரும் மறுக்க மாட்டார். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும்.

கடைசி ஊசிக்குச் சம்மதிக்காத குடும்பங்களும் உண்டு. அவர்கள் பிராணியை வதைக்கிறார்கள் என்று அவர்கள் காதுபடவே பேசப்படுகிறது. புரட்டாசி முழுதும் மாமிசம் தொடாத வீட்டில், உயிரை எடுக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் கை நடுங்காதா? அது அறியாமை அல்ல, அவர்கள் நம்பும் அறம். அதற்காக நாங்கள் உண்மையை மழுப்பச் சொல்லவில்லை. தானாக வரும் சாவு பெரும்பாலும் அமைதியாக வராது. சிறுநீரகம் கெட்ட பூனைக்குக் கடைசியில் வலிப்பு வரலாம். இதயம் பழுதான நாய் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறும். இதை நேராகச் சொல்லுங்கள், கண்டிக்கும் குரல் வேண்டாம். வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்களைக் கற்றுக்கொடுங்கள். தூங்கும்போது 30 விநாடி மூச்சை எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். 30-ஐத் தாண்டினால் போன் செய்ய வேண்டும், 40-ஐத் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கு நாளை என்பது கிடையாது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் தந்த மதிப்பெண் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் இன்னும் வாழவிடலாம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துத் தினமும் நிரப்பும் வீட்டில் முடிவு தானே தெளியும். யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது. தமிழிலும் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் அந்த ஒரு தாளை நாங்களே எழுதித் தருகிறோம், அச்சடித்து வைப்பது மட்டும் உங்கள் வேலை.

அந்த நாட்களுக்கு வலி மருந்து கொடுத்தனுப்புங்கள். இதை நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம். வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டு அலமாரியில் இருக்கும் பனடோ என்ற பாரசிட்டமால் மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். 500 மில்லிகிராம் பனடோ ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். நாய்க்கு புரூஃபென் (ஐபுபுரூஃபென்) கொடுத்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் நன்றாக உள்ள நாய்க்கு மெலாக்சிகாம், முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 0.1, உணவோடு. சிறுநீரகம் பழுதான பூனைக்கு பியூப்ரினார்ஃபினைக் கன்னத்துக்குள் விடலாம், விழுங்க வேண்டியதில்லை. வாந்திக்கு மரோபிடன்ட். தோலுக்கு அடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற நீர்ச்சத்துக் கரைசலை ஏற்றுவதைப் பத்து நிமிடத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்துவிடுவோம். மூச்சு வேகமாக உள்ள இதய நோய்ப் பூனைக்கு மட்டும் அது கூடாது. எழ முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும், நனைந்த விரிப்பை உடனே மாற்றவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் மேல் தோல் இற்றுவிடும்.

பணத்தைப் பற்றி. மருத்துவமனை இலவசமாக ஓடாது. வாடகையும் சம்பளமும் மருந்தின் விலையும் எங்களுக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு உண்ணி பரப்பும் பிலியரி நோயால் ஈறு வெளுத்து விழுந்த நாயையும், பார்வோ வைரஸால் ரத்தபேதியாகும் குட்டியையும் முன்பணம் கட்டும் வரை வாசலில் நிறுத்துவது வேறு விஷயம். சிகிச்சைக்கு முன்பணம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வலி நீக்கும் ஊசிக்கும், வேறு வழியே இல்லாதபோது கடைசி ஊசிக்கும் முன்பணத்தை நிபந்தனையாக்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட அந்த நாய் திங்கள்கிழமை வரை வீட்டுத் தரையில் கிடந்து துடிக்கிறது. பிராணிகளைத் தேவையின்றித் துன்புற விடுவது 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி ஏழைக் குடும்பத்தை மிரட்டுவோர், தங்கள் வாசலில் கிடக்கும் பிராணியையும் பார்க்க வேண்டும். உடலைக் கையில் ஏந்தி நிற்பவரிடம் கார்டு மெஷினை நீட்டாதீர்கள். மயக்கம் ஏறும் வரை காத்திருக்கும் நேரத்தில் வீட்டார் ஒருவரிடம் முடித்துக்கொள்ளலாம், அல்லது மறுநாள் பில்லை அனுப்பலாம்.

வண்டி இல்லாதவர்களை மறந்துவிடுகிறீர்கள். மினிபஸ் டாக்சியில் நாயை ஏற்ற மாட்டார்கள். எலும்புப் புற்று வந்த 40 கிலோ நாயை இரவல் பக்கி வண்டியின் திறந்த பின்தட்டில் போட்டு, மேடு பள்ளத்தில் குலுக்கிக் கொண்டுவந்தால் வழியிலேயே அந்தக் கால் முறியலாம். வாரத்தில் ஒரு மாலையாவது வீடு தேடிப் போக முடியாதா?

உடலைப் பற்றியும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பென்டோபார்பிட்டோன் உடலிலேயே தங்கும். ஆழமில்லாமல் புதைத்ததைத் தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகும். ஒரு மீட்டருக்குக் குறையாத குழி வேண்டும். சாட்ஸ்வர்த்தின் ஒட்டு வீடுகளில் சிமெண்ட் போட்ட முற்றத்தில் அதற்கு இடம் ஏது? எரியூட்டுவதென்றால், தனியாகவா கூட்டாகவா, சாம்பல் திரும்ப வருமா வராதா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் கால்களை மடக்கி, உறங்கும் நிலையில் உடனே கிடத்திவிட வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கிவிடும். குப்பைப் பையில் கட்டிக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் கதவு மூடித்தான் இருக்க வேண்டும். நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, காரணமில்லாமல் கடித்த நாயைக் குடும்பத்தார் தொடக் கூடாது. மூளையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது குடும்பத்தாரைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்து, ஏன் என்று விளக்குங்கள். அந்த விதிவிலக்கை எல்லா நாய்க்கும் பொது விதியாக்கியதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்த நாட்டுக்கே கால்நடை மருத்துவர்களை உருவாக்க பிரிட்டோரியா அருகே ஒன்டர்ஸ்டெபூர்ட்டில் ஒரே ஒரு கல்விப்புலம்தான் இருக்கிறது. ஆள் போதாது என்பது எங்களுக்கும் தெரியும். காலையிலிருந்து வரிசையாக உயிர்களை அனுப்பிவிட்டு, மாலையில் தனியாகக் காரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்களையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்கள் கேட்பவை உங்கள் பாரத்தையும் குறைக்கும். அமைதியாக முடிந்த ஒரு சாவு யாரையும் வீடுவரை துரத்தி வராது.

எங்கள் கோரிக்கைகள் இவை. குடும்பத்தார் உள்ளே வரக் கூடாது என்ற விதியை எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பதா வெளியே நிற்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வெளியே நிற்பவரிடமும் முகம் சுளிக்காதீர்கள்.

அவசர நிலை தவிர, முன்மயக்கமும், ரத்தக்குழாய் கிடைக்கும்போது ஜெல்கோவும் இல்லாமல் எந்தக் கடைசி ஊசியும் போடக் கூடாது. இதை எழுதி மருந்து அறையில் ஒட்டுங்கள். மயக்கம் ஏறாத பிராணியை மேசைக்குத் தூக்கச் சொன்னால் நிறுத்தும்படி சொல்லும் உரிமையைச் செவிலியருக்குக் கொடுங்கள்.

கடைசி ஊசிக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள், முடிந்தவரை நாளின் கடைசி நேரத்தில். வரவேற்புக் கூடத்தின் வழியாக உடலைத் தூக்கிச் செல்லாமல் பின்வாசலைத் திறந்துவிடுங்கள்.

கட்டணத்தைத் தொலைபேசியில் கேட்டாலே பிரித்துச் சொல்லுங்கள்: பார்வைக்கு எவ்வளவு, மயக்கத்துக்கு எவ்வளவு, எடைக்கேற்ற ஊசிக்கு எவ்வளவு, எரியூட்ட எவ்வளவு. வலி நீக்க முன்பணம் கேட்க மாட்டோம் என்பதையும் எழுத்தில் அறிவியுங்கள்.

நம் வட்டாரத்து மருத்துவமனைகள் முறை வைத்து வாரம் ஒரு மாலை வீட்டுக்குப் போகும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். எங்களில் ஒருவர் சம்பளம் இல்லாமல் கூட வருவோம்.

இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மறுப்பவற்றைப் பற்றி நேரில் பேச, நீங்கள் சொல்லும் நாளில், நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரத்துக் கால்நடைச் செவிலியர், விலங்கு நலப் பணியாளர் சிலர்